களத்தில் கட்டடம், ரோட்டில் உளுந்து

பெரம்பலூர், அரியலூர் இரண்டு பக்கமும் சல்லடை போட்டுத் தேடினாலும் என்னைவிட ஒரு முட்டாள் அந்தக் காலத்தில் கிடைத்திருக்க மாட்டான். சொந்த மாமனாரின் வெள்ளாமைக்கு இரண்டு தடவை ஆப்பு வைத்துவிட்டு, இரண்டு தடவையும் மாலைக்குக் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றவன் நான்.

கெட்ட எண்ணமெல்லாம் இல்லை. கையில் டைப்ரைட்டர் இருந்தது, அவ்வளவுதான். தொண்ணூறுகளின் கடைசியில், வேப்பந்தட்டை போகிற வழியில் இருக்கும் எங்கள் ஊரில், பஸ் ஸ்டாப்புக்கு மேலே மாடியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்திக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் தட்டிப் பழகியது போக மிச்ச நேரத்தில் மனு அடிப்பேன். தெருவிளக்கு எரியவில்லை என்று ஒரு மனு. அது எரிய ஆரம்பித்ததும், பகலிலும் எரிகிறதே என்று இன்னொரு மனு. ஆபீஸ்களில் என் தலையைக் கண்டாலே சாப்பிடப் போய்விடுவார்கள், மணி பத்தேகாலாக இருந்தாலும்.

முதல் ஆப்பு, பள்ளிக்கூடக் கட்டடம். இரண்டு வகுப்புகள் புளியமரத்தடியில் நடந்துகொண்டிருந்தன. பக்கத்தில் இருந்த ஒரே காலியிடம் ஊருக்குப் பொதுவான, கதிரடிக்கிற களம். அதில் கட்ட அனுமதி வாங்குவதற்காக ஒன்றிய ஆபீசுக்கும் தாலுகா ஆபீசுக்கும் நான் நடந்த நடையில், அங்கிருந்த பியூன் ஒருநாள், "சாருக்கு ரிட்டயர்மென்ட் எப்பங்க?" என்று கேட்டார். அனுமதி வந்தது. நீள வராண்டாவோடு கட்டடம் எழும்பியது. திறப்பு விழாவில் எனக்கு ஒரு மாலை. முன்வரிசையில் உட்கார்ந்து மாமனாரும் கைதட்டினார்.

களம் போனதே என்று அன்றைக்கு யாரும் கவலைப்படவில்லை. பள்ளிக்கூடத்து வாசலிலேயே தார் ரோடு இருந்தது. கல்குவாரியிலிருந்து ஜல்லி லாரிகள் நாள் முழுக்க ஓடும். வெட்டிய செடியை ரோட்டில் பரப்பிவிட்டு ஓரமாக உட்கார்ந்திருந்தால் போதும், லாரிகளே மிதித்துக் கொடுத்துவிடும். மாட்டுக்குத் தீனி வைக்க வேண்டாம், ஆளுக்குச் சாப்பாடு போட வேண்டாம்.

இரண்டாவது ஆப்புக்குக் காரணம் என் மகளின் டிபன் பாக்ஸ். பள்ளி விட்டு வரும்போது ஒரு லாரி உரசுகிற மாதிரி போக, பயத்தில் கீழே போட்டுவிட்டாள். அடுத்த லாரி அதை அப்பளமாக்கிவிட்டுப் போனது. விடிந்ததும் மனு அடித்தேன். பள்ளிக்கூடம் தொடங்கும் நேரத்திலும் விடும் நேரத்திலும் லாரிகள் அந்த ரோட்டில் போகக் கூடாது என்று உத்தரவு வந்தது. போர்டு நட்டார்கள். அந்த நேரங்களில் மட்டும் இரண்டு தார் டிரம்மின் மேல் குறுக்கே ஒரு மூங்கில் வைத்தார்கள். அதற்கும் எனக்கு ஒரு மாலை.

புரட்டாசி மாதம். மாலை வாடி முடிப்பதற்குள் மாமனார் படியேறி இன்ஸ்டிட்யூட்டுக்குள் வந்து நின்றார். மத்தியான நேரம். தலையிலும் தோளிலும் உளுந்துச் சருகு.

"மாப்ள, லாரி வரல."

"காலைலயும் சாயங்காலமும்தான் மாமா தடை. இப்ப வரலாமே."

"வரலாம். வரலியே! காலைல பரப்புன உளுந்து அப்படியே மல்லாந்து கெடக்கு."

"வரும் மாமா, சாப்புட்டுக்கிட்டு இருப்பானுவோ."

"எத்தன பேரு, எத்தன வாட்டி சாப்புடுவானுவோ? மேக்கால பாருங்க."

ஜன்னல் வழியே பார்த்தேன். பச்சைமலை தெரியவில்லை. அது இருந்த இடத்தில் கன்னங்கரேலென்று மேகம் நின்றது. அந்த வருஷம் அவர் நம்பியிருந்தது அந்த உளுந்தை மட்டும்தான். நனைந்தால் கறுத்து முளைவிட்டுவிடும், மாட்டுக்குத்தான் ஆகும்.

முதலில் என் டி.வி.எஸ். ஃபிப்டியை எடுத்துக்கொண்டு உளுந்தின் மேல் இறங்கினேன். லாரி செய்வதை நான் செய்ய மாட்டேனா என்ற வீராப்பு. போய்த் திரும்புவதற்குள் செடி செயினில் சுற்றி, வண்டி ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாக விழுந்தோம். புதுக் கட்டடத்து ஜன்னல் பூராவும் தலைகள், ஒரே ஆரவாரம். ஹெட்மிஸ்ட்ரஸ் டீச்சர் வெளியே வந்தார்.

"சார், உள்ள காலாண்டுப் பரீட்சை நடக்குது. சர்க்கஸ அப்புறம் வச்சுக்கலாமா?"

மாமனார் என் சட்டையில் ஒட்டியிருந்த காய்களைப் பொறுக்கி ரோட்டிலேயே போட்டார். என்னைத் தூக்கிவிட வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

எழுந்து முக்கு ரோட்டு டீக்கடைக்கு ஓடினேன். ஜல்லி ஏற்றிய லாரி ஒன்று நின்றிருந்தது. டிரைவர் வடையை டீயில் நனைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, எங்க ஊரு வழியா ஒரு வாட்டி போயிட்டு வாங்கண்ணே."

"அங்க லாரி போவக்கூடாதுன்னு போர்டு வச்சிருக்காங்களே."

"அது பள்ளிக்கூட நேரத்துக்கு மட்டுந்தாண்ணே."

"ஓடுற வண்டியிலேர்ந்து எவன் மணியெல்லாம் படிக்கிறது? நாங்க எல்லாரும் ஏரிக்கரை ரோட்டுக்கு மாறிட்டோம். எவனோ வேலையத்தவன் மனு குடுத்திருக்கான் சார்."

"ஆமாண்ணே, வேலையத்தவன்" என்றேன். அன்று நான் பேசியதில் அது ஒன்றுதான் உண்மை.

இரண்டு டீ, நாலு வடை வாங்கிக் கொடுத்துக் கெஞ்சி, டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து ஊருக்குள் வந்தபோது எனக்குத் தேரில் வருகிற மாதிரி இருந்தது. தேர் மூங்கிலுக்கு முன்னால் நின்றது. பரீட்சை முடிந்து மணி அடித்துவிட்டிருந்தது. டீச்சரே மூங்கிலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"டீச்சர், ஒரே ஒரு லாரி. நான்தானே தடை வாங்குனேன்!"

"பிள்ளைங்க வெளிய வருது சார்."

எட்டிப் பார்த்தேன். நூல் பிரிந்த மாலை மாதிரி பிள்ளைகள் ரோடு பூராவும் சிதறி வந்துகொண்டிருந்தார்கள். நடுவில் என் மகள், புது டிபன் பாக்ஸைத் தலைக்கு மேலே சுற்றிக்கொண்டு. இறங்கிக்கொண்டேன். டிரைவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வந்த வழியே பின்னாலேயே லாரியை எடுத்துக்கொண்டு போனார்.

முதல் தூறல் என் மூக்கில் விழுந்தது. மாமனார் ரோட்டு நடுவில் நின்று வானத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி வானத்தையே பார்த்தார். வானம் பரவாயில்லை என்று நினைத்திருப்பார்.

"என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? அள்ளிக்கிட்டு வராண்டாவுக்கு வாங்க" என்றார் டீச்சர். "நாளைக்குக் காலைல பரீட்சை இருக்கு. பெல் அடிக்கிறப்ப ஒரு சருகு கெடக்கக் கூடாது."

என் மனைவி வீட்டுச் சேலைகளையெல்லாம் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். சேலையில் அள்ளி, வேட்டியில் அள்ளி, கடைசியில் மார்போடு அணைத்துத் தூக்கி எல்லாவற்றையும் உள்ளே கொண்டுபோய்ப் போட்டோம். அதற்காகவே காத்திருந்ததுபோல மழை கொட்டியது. ஆளுக்கொரு தடியை எடுத்துக்கொண்டு வராண்டா சிமெண்டுத் தரையில் உளுந்தை அடிக்கத் தொடங்கினோம். காயெல்லாம் பகல் வெயிலில் நன்றாகக் காய்ந்திருந்தது. அடிக்க அடிக்கப் படபடவென்று வெடித்தது. வெளியே மழை, உள்ளே கறுப்புக் கறுப்பாக உளுந்து சிதறி ஓடியது. கால் மணி நேரத்தில் என் உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. வாய்க்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை.

"பாத்தீங்களா மாமா, நம்ம களத்துக்குக் கூரையே வந்துருச்சு. எல்லாம் என் மனுவால."

மாமனார் தலை நிமிரவில்லை.

"பேசாம அடிங்க மாப்ள."