அம்சவேணியின் கூட்டல்

1999 ஆனி மாதம், பேளுக்குறிச்சிச் சந்தை நாளன்று அம்சவேணி மலையிறங்கினாள். தேவனூர் நாடு என்ற அந்த மலையூர்க் கூட்டத்திலிருந்து கம்ப்யூட்டர் வேலைக்குப் பெங்களூர் போகும் முதல் பெண் அவள்தான். பலாப்பழங்களுக்கு நடுவே ஒற்றைக் காலில் நின்றுகொண்டு போனாலும் பஸ் பறப்பதுபோலத்தான் இருந்தது. போனதும் போன் போடச் சொன்ன அப்பன் கருப்பண்ணன், ஊரில் போனே இல்லாதது நினைவு வந்து தானே சிரித்துக்கொண்டார்.

வேலை ஒரு சிறு ஆபீசில். ஆயிரக்கணக்கான எண்களை வரிசையாக அடுக்கி, ஒரே கட்டளையில் கூட்டவும் பெருக்கவும் உதவும் இலவச நிரல் தொகுப்பு ஒன்று அங்கே ஓடியது. பல நாட்டுக்காரர்கள் இணையத்தில் சேர்ந்து எழுதுவது அது. முழு எண் வரிசையோடு தசம எண் வரிசையைக் கூட்டச் சொன்னால் மட்டும் பிழை என்று நின்றுவிடும். அதற்கொரு கூட்டல் எழுதி அந்தத் தொகுப்பில் இடம்பிடித்தே தீருவது என்று அம்சவேணிக்கு வெறி பிடித்துவிட்டது. எழுதியும் விட்டாள். முதல் வரிசை எந்த வகையோ, விடையும் அதே வகை.

அனுப்புமுன் சோதித்தவன் பக்கத்து மேசை ரியாசுதீன், சேந்தமங்கலத்து மளிகைக்கடைக்காரர் மகன். முழு மில்லிமீட்டரில் இருந்த மழைக் கணக்கோடு அரை மில்லிமீட்டர் தூறல்களைத் திரும்பத் திரும்பக் கூட்டினான். தொகை அசையவே இல்லை.

“ஏனுங்க, வாரம் பூரா தூறுது. உங்க கணக்குல ஒரு சொட்டு விழலீங்களே?”

“முழுசா நெறையலீங்கள்ல? அதான் விட்டுருச்சு.”

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவள் ஊர்க் களத்தில் சாமையை வள்ளத்தால் அளக்கும்போது, கடைசி வள்ளம் தலைதட்ட நிறையாவிட்டால் எண்ணிக்கையில் சேராது. கதிரடித்தவர்கள் மடிக்குப் போய்விடும். அப்படிப் பார்த்தே வளர்ந்தவளுக்குப் பின்னம் மறைவது பிழையாகவே தோன்றவில்லை.

விவரம் கேட்ட ரியாசுதீன், “சரிங்க, இந்த மழைய யாரு மடியில கட்டி அனுப்புனீங்க?” என்றான்.

கண்ணில் நீர் வரச் சிரித்தவள், சட்டென்று நிறுத்திவிட்டுத் தன் நிரலை மறுபடி திறந்தாள். இதை அனுப்பியிருந்தால் யார் யார் கணக்கெல்லாம் கரைந்திருக்கும்!

முதலில் எல்லாவற்றையும் தசமமாக்கிப் பார்த்தாள். நினைவகம் போதாமல் கம்ப்யூட்டர் திணறியது. மறுநாள் மெஸ்ஸில் இட்லியைப் பிட்டபோது பொறி தட்டியது. கை கழுவக்கூட நிற்காமல் ஓடிவந்தாள். கூட்டுமுன் இரண்டு வரிசையிடமும் வகை கேட்க வேண்டும். இரண்டுமே முழு எண் என்றால் விடையும் முழு எண். ஒன்று தசமமானாலும் விடைக்குத் தசமம் கொள்ளும் புது வரிசை. முன்னால் நிற்பது எது என்பதற்கெல்லாம் இனி தனி மரியாதை கிடையாது. தூறல்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்து தொகை ஏற ஏற, நாற்காலியில் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

அன்றே அனுப்பினாள். பதில் இல்லை. தினமும் மின்னஞ்சலைத் திறந்து பார்த்தது பிறகு வாரம் ஒருமுறையானது; அதற்குள் அவள் ஆபீசும் மாறிவிட்டாள்.

2001 மாசியில், அந்தத் தொகுப்பை எழுதுபவர்களில் முகம் தெரியாத ஒருவரிடமிருந்து பதில் வந்தது: “உங்கள் கூட்டல் புதிய பதிப்பில் சேர்ந்துவிட்டது. தாமதத்துக்கு மன்னியுங்கள். வகுத்தலில் இதைவிடப் பெரிய குழப்பம் கிடக்கிறது. எடுத்துக்கொள்கிறீர்களா?”