பிஸ்கட் டின்னில் ஒரு டிஸ்ரிபியூட்டர்

சனிக்கிழமை காலை 5.10. யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்குப் போகும் பஸ்ஸில் வவுனியாவில் ஏறினேன். மாத்தளைக்கு டிக்கெட் 580 ரூபா. மடியில் ஒரு பிஸ்கட் டின். பக்கத்து இருக்கை அம்மா, "பலகாரமோ பிள்ளை?" என்று கேட்டார். டிஸ்ரிபியூட்டர் என்றேன். அவர் அதற்கு மேல் பேச்சை வளர்க்கவில்லை.

எஞ்சினின் நான்கு பிளக்குகளுக்கும் முறை தவறாமல் மின்சாரத்தைப் பங்கு போட்டுக் கொடுக்கிற சாமான் அது. என்னிடம் இருப்பது 1982ஆம் ஆண்டுக் கொரோலா. காலையில் நல்ல பிள்ளையாகக் கிளம்பும். பன்னிரண்டாவது கிலோமீற்றரில், குளக்கட்டுக்குப் பக்கத்தில், மூச்சை நிறுத்திவிடும். அரை மணி நேரம் மரநிழலில் காத்திருந்தால் ஒன்றுமே நடக்காததுபோல மீண்டும் ஓடும். எங்கள் ஊர் மெக்கானிக் டிஸ்ரிபியூட்டரின் தண்டைப் பிடித்து ஆட்டிக் காட்டினார். ஆடியது. மாற்ற வேண்டும் என்றார். புதிது ஒன்றைக் கடையில் கேட்டால், வரும் வரும் என்று இரண்டு மாதமாகச் சொல்கிறார்கள்.

இந்தக் கார் இல்லாவிட்டால் எனக்கு என்ன நட்டம் என்று கேட்பவர்களுக்கு ஒரு விளக்கம். நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடம் வீட்டிலிருந்து 23 கிலோமீற்றர். அந்தப் பக்கம் பஸ் காலை 5.40க்கு ஒன்று, பின்னேரம் 4.15க்கு ஒன்று. கார் எனக்குத் தருவது பயணமல்ல, நாளொன்றுக்கு மூன்று மணி நேரம். கணவர் பொறுத்துப் பார்த்தார். கடைசியில் வீட்டில் ஓர் ஒப்பந்தம் செய்தோம்: திங்கட்கிழமைக்குள் கார் ஒழுங்காக ஓடினால் இருக்கும், இல்லாவிட்டால் அன்று பார்க்க வருகிற ஆளுக்கு விற்றுவிடுவது. ஒப்பந்தத்துக்குத் தலையாட்டிவிட்டு அன்றிரவே பழைய சாமான் விற்கிற ஆள் எங்கே இருக்கிறார் என்று விசாரிக்கத் தொடங்கினேன். மாத்தளையில் ஒருவர் என்றார்கள்.

தம்புள்ளை தாண்டி நாவுல வந்ததும் வெளியே நிறம் மாறிவிட்டது. எங்கள் பக்கத்தில் கண் போகிற தூரமெல்லாம் தரை. இங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை வந்து வழிமறிக்கிறது. கமுகு மரங்களில் மிளகுக்கொடி ஏறி நிற்கிறது. 9.25க்கு மாத்தளையில் இறங்கினேன். நகரிலிருந்து உக்குவளைப் பக்கமாக மூன்று கிலோமீற்றர், ஓட்டோவுக்கு 400 ரூபா.

பழைய வாகனங்களைக் கழற்றி விற்கும் யார்ட் ரயில் பாதையை ஒட்டி இருந்தது. கதவில்லாத கார்கள், காரில்லாத கதவுகள். உரிமையாளர் நவ்ஷாத் நானாவுக்கு அறுபது வயதிருக்கும். நான் காரின் பெயர், ஆண்டு எல்லாவற்றையும் ஒப்பிக்கத் தொடங்கியதும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"பேரு வேணாம் டீச்சர். பழச வைங்க."

அவருடைய முறை அதுதான். வாகனத்தின் பெயரைச் சொல்பவருக்கு அவர் ஒன்றும் விற்பதில்லை. கழற்றிய சாமான் மேசைக்கு வர வேண்டும். அதை அளந்து, பற்களை எண்ணிய பிறகுதான் தட்டுகளின் பக்கம் போவார். எங்கள் ஊர்க் கடைகளில் கொரோலாவுக்கு ஒரு தட்டு, வேனுக்கு ஒரு தட்டு. இவரிடம் ஒன்றுக்கொன்று பொருந்துகிறவை எல்லாம் ஒரே தட்டில் இருந்தன. என் காரின் எஞ்சினும் பழைய லைட்ஏஸ் வேனின் எஞ்சினும் ஒரே குடும்பம் என்று சொல்லி, வேனிலிருந்து எடுத்த ஒன்றைக் கொண்டுவந்து என்னுடையதற்குப் பக்கத்தில் வைத்தார். தண்டு ஆடவில்லை. விலை 14,000 ரூபா. பேரம் பேசாமல் கொடுத்தேன். அவர் பற்றுச்சீட்டு எழுத உள்ளே கூப்பிட்டு, பால் விடாத இஞ்சிப் பிளேன்டீயும் தந்தார்.

இரண்டையும் டின்னில் வைக்கலாம் என்று திரும்பி வந்தால் மேசையில் ஒன்றுதான் இருந்தது. நல்லது இருந்தது. என்னுடையதைக் காணவில்லை.

நவ்ஷாத் நானாவின் தம்பி வெளியே டயர் அடுக்கிக்கொண்டிருந்தார். விசாரித்ததில் விஷயம் வெளிவந்தது. இரத்தோட்டையிலிருந்து சிவலிங்கம் என்ற வேன்காரர் முதல் நாளே போனில் ஒரு டிஸ்ரிபியூட்டருக்குச் சொல்லி வைத்திருந்தார். தம்பி அதைத் துடைத்துத் தட்டில் வைத்துவிட்டு, அண்ணனிடம் சொல்ல மறந்துவிட்டார். அதைத்தான் எனக்கு விற்றிருக்கிறார்கள். நாங்கள் உள்ளே பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தபோது சிவலிங்கம் வந்திருக்கிறார். மேசையில் கிடந்தவற்றில் ஒன்றைத் தம்பி எடுத்துக் கொடுத்திருக்கிறார். அது என்னுடையது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் கையில் நல்லது இருந்தது, பற்றுச்சீட்டும் இருந்தது. பேசாமல் டின்னை மூடிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விடலாம் என்று மனம் கள்ளம் பண்ணத்தான் செய்தது. அதற்குள் நவ்ஷாத் நானா சிவலிங்கத்துக்கு மூன்று முறை போன் எடுத்துப் பார்த்துவிட்டார். பதில் இல்லை.

"எஸ்டேட் புள்ளைகள ஸ்கூலுக்கு ஏத்துற வேன் அது. நடு மலையில நிண்டா நாமதான் பதில் சொல்லணும்" என்றார்.

பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்று காதில் விழுந்த பிறகு நான் எப்படிப் பஸ் ஏறுவது? டின்னைத் தூக்கிக்கொண்டு அவருடைய பழைய பெற்றோல் பிக்கப்பில் ஏறினேன்.

11.40. இரத்தோட்டைக்குப் பன்னிரண்டு கிலோமீற்றர், பெரும்பாலும் ஏற்றம். வளைவுக்கு வளைவு ஏலக்காயும் ஈர மண்ணும் மணந்தன. மேலே தேயிலைச் சரிவுகளில் முகில் இறங்கியிருந்தது. நான் அழகை அனுபவிக்கும் நிலையில் இல்லை. எந்த வளைவில் வேன் நின்றுகொண்டிருக்குமோ என்று பார்த்தபடியே போனேன்.

கடைத்தெரு தாண்டி ஒரு வீட்டு முற்றத்தில் வேன் நின்றது. பொனட் என்று தனியாக இல்லாத வேன். முன் இருக்கையைத் தூக்கி எஞ்சினைத் திறந்து வைத்திருந்தார் சிவலிங்கம். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில்தான் போன் அடித்தது கேட்கவில்லையாம்.

நவ்ஷாத் நானா குனிந்து பார்த்தார். உள்ளே இருந்தது என்னுடையதுதான்.

"எவ்வளவு நேரமா ஓடுது?"

"முக்கா மணி நேரம் இருக்கும் நானா. லேசா ஒரு நடுக்கம் இருக்கு. ஆனா நிக்கல."

என் காரைப் பன்னிரண்டே கிலோமீற்றரில் கொல்லும் சாமான் இவருடைய வேனில் முக்கால் மணி நேரமாக ஓடுகிறது. எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. பிறகு என் கதையைச் சொன்னேன். சிவலிங்கம் எஞ்சினை நிறுத்திவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"சூடானாத்தான் நிக்குதுங்களா டீச்சர்? ஆறுனா ஓடுதா?"

ஓம் என்றேன்.

"அப்ப இது இல்லீங்க. கொயிலா இருக்கும். எனக்கும் போன வருஷம் அதேதான்."

நவ்ஷாத் நானா தாடியைத் தடவிக்கொண்டார். தண்டு ஆடினால் வண்டி நடுங்கும், செத்துப்போகாது. மின்சாரத்தைப் பெருக்கி டிஸ்ரிபியூட்டருக்கு அனுப்புகிற கொயில்தான் சூடேறினால் வேலையை நிறுத்தி, ஆறினால் மீண்டும் தொடங்கும். சாமானை வாங்கிப் பார்த்தேனே தவிர நோய் என்ன என்று கேட்கவில்லையே என்று தன்னைத்தானே நொந்துகொண்டார். அவருடைய முறையில் இருந்த ஓட்டை அப்போதுதான் அவருக்கே தெரிந்தது. சாமானைப் பேச விட்டவர் ஆளைப் பேச விடவில்லை.

நல்ல டிஸ்ரிபியூட்டரை எடுத்துச் சிவலிங்கத்திடம் கொடுத்தேன். நடுக்கமில்லாமல் ஓட வேண்டியது பிள்ளைகள் ஏறும் வேன். என்னுடையது டின்னுக்குத் திரும்பியது. ஆடும் தண்டைச் சுற்றிப் புஷ் என்கிற உலோக வளையம் ஒன்று போட்டால் போதும், 2,000 ரூபாவுக்கு எந்த லேத் பட்டறையிலும் செய்வார்கள் என்றார்கள். கொயிலுக்கு எங்கே போவது என்று கேட்டேன். நவ்ஷாத் நானா பிக்கப்பின் பொனட்டைத் திறந்து தன் கொயிலைக் கழற்றத் தொடங்கினார்.

"நம்ம ரெண்டு பேரயும் இந்த மலையில ஏத்தி வந்த கொயில் டீச்சர். இதவிட வேற டெஸ்ட் என்ன ஈக்கிது?"

விலை 3,000 என்று வைத்துக்கொண்டு மீதி 11,000த்தை அங்கேயே எண்ணித் தந்தார். பிக்கப்புக்குச் சிவலிங்கத்தின் வீட்டில் கிடந்த பழைய கொயில் ஒன்றைப் பூட்டினார்கள். அது எத்தனை தூரம் போகும் என்று யாருக்கும் தெரியாது. இறக்கம்தானே என்றார் நவ்ஷாத் நானா. சிவலிங்கத்தின் மனைவி பலாக்காய்க் கறியும் சோறும் போட்டுத்தான் விட்டார். மூன்று மணிக்கு, வழியில் நிற்காமல், மாத்தளை பஸ் நிலையத்தில் இறங்கினேன்.

3.40 பஸ். அலுவிகாரை தாண்டும்போது மலைகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. நூற்றைம்பது கிலோமீற்றர் வந்து, கொண்டுபோன சாமானையே கொண்டுவருகிறேன் என்று போனில் சொன்னதும் கணவர் சிரித்த சிரிப்பு பஸ்ஸில் பாதிப் பேருக்குக் கேட்டிருக்கும். கொயிலைப் பற்றிச் சொன்னேன். ம் என்றார். அந்த ம்முக்கு, முதலில் ஓடட்டும் பார்க்கலாம் என்று அர்த்தம். பதினெட்டு வருடமாக எனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை லேத் பட்டறை திறக்காது. புஷ் போடாத டிஸ்ரிபியூட்டரையும் கொயிலையும் காலையிலேயே மெக்கானிக் பூட்டினார். கணவர் ஒரு போத்தல் தண்ணீரும் ஒரு குடையும் எடுத்துக்கொண்டு பக்கத்தில் ஏறினார். பத்தாவது கிலோமீற்றரில் நான் பேச்சை நிறுத்தினேன். பதினொன்றில் அவர் நிறுத்தினார். குளக்கட்டு வந்தது, வழக்கமாக நான் காத்திருக்கும் மருதமரம் வந்தது, இரண்டும் பின்னால் போயின. தண்டு இன்னும் ஆடத்தான் செய்தது, வண்டி கொஞ்சம் நடுங்கியது, ஓடியது. நான் நிறுத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூட்டிக்கிடந்த பள்ளிக்கூட வாசல்வரை போய்த்தான் நிறுத்தினேன். சூடாக இருக்கும்போதே சாவியைத் திருப்பி மறுபடியும் ஸ்டார்ட் செய்து பார்த்தேன். ஒரே திருப்பில் பிடித்தது.

கணவர் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். நான் கேட்கவில்லை. திங்கட்கிழமை வர வேண்டாம் என்று அந்த ஆளிடம் அவரே சொன்னார்.