முன்தண்டும் முக்காலியும்

இதை எழுதப் பல வருஷம் தயங்கினேன். சாமி காரியம், கேட்கிறவர்கள் கொஞ்சம் கூட்டுவார்கள், கொஞ்சம் விட்டுவிடுவார்கள் என்ற பயம். ஆனால் அந்தத் தேக்கு முக்காலி இன்றும் என் எதிரில் கிடக்கிறது.

சைகோனில் பிரெஞ்சுக்காரர் ஆட்சி நடந்த காலம். துறைமுகத்தை ஒட்டிய கான் ஹொய்யில் ஒரு சரக்குக் கிட்டங்கிக்கு நான் காவல், குடியிருப்பும் அங்கேயே. என் மனைவியின் அண்ணன், என் மச்சான், எங்களோடு இருந்தார். முருகன் கோயில் பல்லக்கின் வலது முன்தண்டு அவர் தோளுக்கென்றே இருந்தது. விடியலில் கிட்டங்கி வாசலில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்து பஸ்கி எடுப்பார். ஒவ்வொரு முறை எழும்போதும் 'ஹும்' என்று ஒரு மூச்சு விடுவார், உள்ளே எங்களுக்குக் கேட்கும். பிறகு கோயிலுக்குப் போய்ப் பிள்ளையாருக்குத் தோப்புக்கரணம். அது அவர் அன்றாட வேண்டுதல்.

சைகோனுக்கு வடக்கே ரப்பர் தோட்டத்து வேலைக்குப் போனவர் மலேரியா முறைக்காய்ச்சலோடு திரும்பினார். மாதக்கணக்கில் படுக்கை. எழுந்தபோது தொடையில் சதையே இல்லை. பங்குனி உத்திரத்துக்குள் கால் தேறாவிட்டால் முன்தண்டு வேறு தோளுக்குப் போய்விடும். அந்தக் கவலை அவரைத் தின்றது.

என் மனைவி முக்காலியைக் கொண்டுவந்து கதவோரம் போட்டாள். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழ வேண்டும், மூச்சு வாங்கினால் நிறுத்த வேண்டும், மறுநாள் வலித்தால் அன்றைக்கு விட்டுவிட வேண்டும் என்றாள். "பல்லக்குத் தூக்குறவனைப் பால்குடிப் பிள்ளையா ஆக்கிட்டா மாப்பிள்ளை, உம்ம பொண்டாட்டி" என்று என்னிடம் முறையிட்டார். ஆனாலும் செய்தார். நாள் போகப்போக நிலையை விட்டார், பிறகு முக்காலியையும் விட்டு அரைப் பஸ்கிக்கு வந்தார். கோயில்காரர்கள் பார்த்துவிட்டு இடம் உமக்குத்தான் என்றார்கள்.

அதற்குப் பிறகு வேறொன்று அவரை அரித்தது. படுத்திருந்த நாளெல்லாம் தோப்புக்கரணம் விட்டுப்போனதே. "தம்பியைத் தூக்கணும்னா அண்ணனுக்கு விட்டதை முதல்ல முடிக்கணும்ல" என்றார். அவசரம் வேண்டாம், பிள்ளையார் காத்திருப்பார் என்று என் மனைவி கெஞ்சினாள். ஒரு சஷ்டிக் காலையில் சொல்லாமல் போய், விட்டுப்போன அத்தனையையும் ஒரே மூச்சில் போட்டிருக்கிறார். ரிக்‌ஷாவில் வந்து இறங்கமாட்டாமல் சிரித்தார். "கால் ரெண்டும் கோயில்லயே நின்னுடுச்சு மாப்பிள்ளை."

மறுநாள் தொடை கல்லாக வீங்கியது. சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனது, பிறகு அதுவும் நின்றது. அளவு மீறியதில் தொடைச்சதை செத்து ரத்தத்தைக் கெடுத்துவிட்டது என்றார் டாக்டர். உத்திரத்துக்கு முன்பே போய்விட்டார்.

உத்திரத்தன்று அவர் இடத்தில் தோள் கொடுக்க யாருக்கும் மனம் வரவில்லை. காலியாக விட்டே தூக்கினோம். நான் பின்தண்டில். பல்லக்கு வலப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். சாயவில்லை. தெரு முழுவதும் முன்னால் 'ஹும்', 'ஹும்' என்று அந்த மூச்சு கேட்டது. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

ஊர் திரும்பி இப்போது காரைக்காலில் நானும் நோயில் படுத்து எழுந்தவன். அதே முக்காலியில் நிலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழுகிறேன். நான் எழும்போது அந்த மூச்சு என் வாயிலிருந்தே வருகிறது. அதைக் கேட்டதும் என் மனைவி வேலையை விட்டுவிட்டு வந்து நிற்பாள். "இன்னைக்கு இது போதுங்க" என்பாள். உட்கார்ந்துவிடுவேன்.

சொன்ன இடத்திலெல்லாம் பல்லக்கு சாயாததை மட்டும் கேட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். அது நடந்தது, முருகன் சாட்சி. ஆனால் பிறருக்குச் சொல்கிறவர்கள் தயவுசெய்து முக்காலியிலிருந்து தொடங்குங்கள். எதையும் சேர்க்க வேண்டாம். அவள் கெஞ்சியதை விட்டுவிடவும் வேண்டாம்.