அப்பா துப்பாக்கிக்குப் போட்ட சட்டை

அப்பா கர்த்தரிடம் போய் இன்றோடு ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். இறந்தவர் யாரையும் கடிந்து ஒரு சொல் சொன்னதில்லை என்று இத்தகைய மலர்களில் எழுதுவார்கள். எங்கள் அப்பா நன்றாகவே கோபப்படுவார். ஈரக் கையோடு ஒரு காகிதத்தைத் தொட்டுவிட்டால் போதும், வீடு இரண்டாகிவிடும். அந்தக் கோபம் எங்கிருந்து வந்தது என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

அப்பா ரங்கூனை அடுத்த மாவ்பியில் பிறந்தவர், மிஷன் பள்ளியில் படித்தவர். ஜப்பான்காரர்களின் போர் வந்தபோது தம் தகப்பனாரோடு நடந்தே இந்தியாவுக்குப் புறப்பட்டார். தகப்பனார் வழியில் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். தனியாக நின்ற பிள்ளை சோற்றுக்காகப் பட்டாளத்தில் சேர்ந்தது. எழுதப் படிக்கத் தெரிந்ததால் ஆயுதக் கிடங்கில் வேலை கிடைத்தது. பர்மாவின் அரக்கான் கரையில் படை இறங்கப்போகிறது என்றதும், ரைஃபிள்களை உப்புத் தண்ணீரும் மணலும் கெடுக்காமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அந்தக் கிடங்கின் தலையில் விழுந்தது.

அதை எப்படிச் செய்தார்கள் என்று சாப்பாட்டு மேசையில் குடையைத் துப்பாக்கியாக வைத்து அப்பா எங்களுக்குக் காட்டாத மழைக்காலம் இல்லை. எண்ணெய் வழிந்தால் மணல் வந்து அப்பிக்கொள்ளும், அதனால் பூசிய எண்ணெயை முக்கால்வாசி துடைத்துவிட வேண்டும். குழல் வாய்க்கு ஒரு மூடி. பிறகு ரைஃபிளை முழுசாக, கண்ணாடித்தாள் போன்ற நீளப் பைக்குள் இறக்கி, பையின் வாயை மூன்று மடிப்பு மடித்து ரப்பர் நாடாவால் இறுக்கிக் கட்ட வேண்டும். படகு கரை தொடாது. மார்பளவுத் தண்ணீரில் குதித்து, துப்பாக்கியைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும்.

எல்லாவற்றையும் விட முக்கியமானதை அப்பா கடைசியில்தான் சொல்வார். கரையேறியதும் பையைக் கழற்றிவிட வேண்டும். அவரிடம் பை வாங்கிய ஒரு சிப்பாய், மணலுக்குப் பயந்து கழற்றாமலே வைத்திருந்தாராம். உள்ளேயே வேர்த்துத் துரு ஏறி, மூன்றாம் நாள் தேவைப்பட்டபோது போல்ட் அசையவில்லை. அந்தச் சிப்பாய் திரும்பி வரவில்லை. இந்த இடத்தில் அப்பா குடையை மேசையில் வைத்துவிட்டு எழுந்து போய்விடுவார்.

போர் முடிந்து ரங்கூனுக்குத் திரும்பியபோது அப்படி ஒரு பையையும் கொண்டுவந்தார். ரங்கூனின் தாகேதா பேட்டையில் இருந்த எங்கள் வீட்டில் மழை எந்தப் பக்கமிருந்து வரும் என்று சொல்ல முடியாது. எங்கள் நால்வரின் வெளிநாட்டார் பதிவுப் புத்தகங்கள், ஞானஸ்நானச் சீட்டுகள் எல்லாம் மஞ்சளாகிப்போன அந்தப் பைக்குள்தான் இருந்தன. துப்பாக்கிச் சட்டை என்று அதற்கு அப்பா பெயர் வைத்திருந்தார். எனக்கும் தம்பிக்கும் பர்மியப் பேச்சுதான் நாக்கில் முந்தி வரும். துப்பாக்கிக்குத் தெனாத், சட்டைக்கு இஞ்சி. ஆகவே எங்கள் வீட்டில் அது தெனாத் இஞ்சி ஆயிற்று. துப்பாக்கிக்கு இஞ்சி, எனக்கு மட்டும் பூண்டா என்று அம்மா கேலி செய்வார்.

எண்பத்தெட்டாம் ஆண்டு, ராணுவம் ஆட்சியைப் பிடித்த ஊரடங்கு நாட்கள். குடும்பப் பட்டியலைச் சரிபார்க்க வார்டு அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்தார். பதிவுப் புத்தகங்களைக் கேட்டார். நான் அடுக்களையைப் பார்த்து, “ம்மா, தெனாத் இஞ்சி எங்க இருக்கு?” என்று உரக்கக் கேட்டேன். அவ்வளவுதான். அவர் புத்தகங்களைப் பார்த்தார், டீயைக் குடித்தார், போனார். என்ன சொன்னேன் என்று எனக்கு உறைக்கவே இல்லை.

மறுநாள் பகலில் ராணுவ லாரி வந்தது. வீட்டைக் கவிழ்த்தார்கள், கொல்லையைத் தோண்டினார்கள். ஒரு ரைஃபிள் நீளத்துக்கு அந்தப் பை கிடைத்தது. “சட்டை இருக்கு, உடம்பு எங்கே?” என்று அவர்களில் ஒருவன் சிரித்துக்கொண்டே கேட்டான். முந்தின நாள் வார்டு ஆள் காதில் தெனாத் என்ற சொல்லைப் போட்டது நான்தான் என்று அப்போதுதான் உறைத்தது. பையையும் அதிலிருந்த காகிதங்களையும் அப்பாவையும் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

மூன்று மாதம் கழித்து அப்பா வந்தார். வலது காதில் கேட்கவில்லை. காகிதங்கள் வரவே இல்லை. பதிவுப் புத்தகம் இல்லாதவர்கள் அனுமதியின்றிப் பேட்டையைத் தாண்டக் கூடாது. அன்றிலிருந்து நாங்கள் நால்வரும் பையில் கட்டப்பட்டவர்கள்தாம். மாவ்பிக்கு பஸ்ஸில் போய் மத்தியானத்துக்குள் திரும்பலாம். பிறந்த ஊரைப் பார்க்க அப்பா இரண்டு முறை அனுமதி கேட்டார், கிடைக்கவில்லை. பிறகு கேட்கவில்லை. சாகும்வரை, பேட்டையிலிருந்து நகருக்குள் போகும் பசுந்தாங் ஓடைப் பாலத்தைக்கூடத் தாண்டவில்லை. அம்மாவின் நோய்க்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகப் பயந்தே காலம் கடத்தினோம். தம்பிக்கு உறுதியாகியிருந்த கப்பல் வேலை காகிதம் இல்லாததால் கைநழுவியது. இன்று அவன் பேட்டைக்குள்ளேயே சைக்கா என்னும் சைக்கிள் ரிக்‌ஷா மிதிக்கிறான்.

வீட்டில் துப்பாக்கி இருக்கிறது என்று யார் சொல்லியிருப்பார்கள் என்று எல்லாரும் யோசித்தார்கள். தடுப்புச் சுவருக்கு அந்தப்புறம் குடியிருந்த டோ மியா என்ற பர்மிய அம்மாளின் தம்பி வார்டு அலுவலகத்தில் வேலை பார்த்தார். பழி அந்த அம்மாள்மேல் விழுந்தது. சொந்தக்காரர்கள் அவருடன் பேசுவதை விட்டார்கள். என் தம்பி அவர் வாசலில் காறித் துப்பினான். அப்பா மட்டும் தினமும் காலையில் அவருக்கு வணக்கம் சொன்னார். “அவுங்க இல்லே” என்பார், அதற்கு மேல் பேசமாட்டார். புயல் வருஷத்தில் டோ மியாவின் கூரை பறந்து அவர் எங்கள் வாசலுக்கு வந்தபோது தம்பி கதவைத் திறக்க மறுத்தான். அப்பா தடியை ஊன்றிக்கொண்டு போய்த் தாமே திறந்தார். பெரிய மனசு என்று எல்லாரும் புகழ்ந்தீர்கள். நானும் தலையாட்டினேன். நான்தான் என்று சொல்ல வாயைத் திறக்கவில்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது.

கடைசி வாரத்தில் ஒரு பிற்பகல், கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். அப்பா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

“பாப்பா, அவனுக புடிச்சிட்டுப் போன எடத்துலே மொதக் கேள்வியே ஒம் மக சொன்ன தெனாத் எங்கேன்னுதான்.”

இருபது வருஷம் அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஏன் சொல்லவில்லை என்று அழுதுகொண்டே கேட்டேன்.

“சொன்னா நீ எப்புடிச் சோறு திம்பே? அதான் மூடி வச்சேன். மியா பாவம். ஒனக்கும் உள்ளே வேர்த்துத்தானே கெடக்கு. நான் கரையேறுனதும் கழட்டிடு.”

நான்காம் நாள் காலையில் அப்பா கரையேறினார்.

காசு வாங்காமல் வந்து பார்த்த டாக்டருக்கும், ஜெபம் செய்த சபையாருக்கும், பெட்டியைச் சுமந்த தோள்களுக்கும், தூரத்திலிருந்து ஆறுதல் எழுதியவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அப்பா சிறையில் இருந்த மூன்று மாதமும், நாங்கள் முகம் கொடுத்துப் பேசாதபோதும், சுவர்மேல் மூடிய கிண்ணத்தில் சோறு வைத்துவிட்டுப் போன டோ மியாவுக்கு நன்றி என்ற சொல் போதாது. அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. அதனால் இதை அச்சுக்குக் கொடுக்கும் முன் அவர் வீட்டுக்குப் போய், காலில் விழுந்து, எல்லாவற்றையும் பர்மிய மொழியில் சொன்னேன். என் தோளைப் பிடித்து எழுப்பினார். பிறகு, உன் தம்பிக்குத் தெரியுமா என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன்.

தம்பி, இப்போது உனக்கும் தெரியும்.