நண்டுக்கார அக்கா எழுப்பாத காலை

என் படிப்பு எதனால் கெட்டது என்று கண்டுபிடிக்கக் கல்லூரியில் படாத பாடு பட்டார்கள். செல்போனா, காதலா, கெட்ட சகவாசமா என்று துறைத்தலைவி கேட்டுக்கொண்டே இருந்தார். கண்ணைத் திறந்து வைக்கவே முடியாதவளுக்குக் காதல் ஒன்றுதான் குறைச்சல்! கடைசியில் என்னைக் கண்காணிப்பில் வைத்தார்கள். இந்த செமஸ்டரிலும் அரியர் விழுந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அத்திப்பட்டில் எங்களுடையது ஒற்றை அறை வீடு. அப்பாவுக்கு அனல்மின் நிலையத்தில் ஷிப்ட் வேலை. ராத்திரியில் அவர் கதவைத் தட்டினால் நான் எழுவேன், தண்ணீர் வந்தால் எழுவேன், தம்பிகளுக்குச் சமைக்க எழுவேன். தூக்கமெல்லாம் ராயபுரம் போகும் ரயிலில்தான். எண்ணூரில் கூடையோடு ஏறும் நண்டுக்கார அக்காவின் தோளில் சாய்ந்துகொள்வேன். பாதி வழியில் விம்கோ நகர் வந்ததும் படிப்பதற்காக என்னை எழுப்பிவிட வேண்டும் என்பது ஏற்பாடு. அந்த அரைகுறைத் தூக்கத்துக்குள் சாம்பல் கலந்த வெயில், உப்புக்காற்று, நண்டு வாசனை எல்லாம் மிதந்து போகும்.

கணக்குப் பரீட்சை அன்றும் அப்படித்தான் சாய்ந்தேன். கடைசி யூனிட்டைத் தொடவே இல்லை. ரயில் கடல்மேல் மெல்லப் போவதாகக் கனவு வந்தது. கரையே தெரியவில்லை. யாரும் என்னைக் கூப்பிடவும் இல்லை. அடடா, எவ்வளவு சுகம்!

"எயுந்துரு கண்ணு, ராயபுரம் வந்துட்ச்சி."

மடியில் புத்தகம் மூடியபடியே கிடந்தது. எனக்கு வந்ததே கோபம்!

"ஏங்க்கா எழுப்பல? என் படிப்பே போச்சு!" என்று பெட்டியே திரும்பிப் பார்க்கக் கத்தினேன்.

"இன்னா பண்ண சொல்ற? கரி வண்டி போறவரிக்கும் நம்ம வண்டி நின்னுகினே இருந்துச்சு. நீ கொயந்த மாறி வாயத் தொறந்துகினு தூங்கினே. எயுப்ப மனசு வரல."

"பேசினவங்களையெல்லாம் வேற இந்த அக்கா அதட்டி வெச்சுது" என்றார் எதிர் சீட்டுப் பெண்.

இறங்கி ஓடினேன். பரீட்சை ஹாலில் கேள்வித்தாளைப் பிரித்தால், தூக்கக் கலக்கத்தில் எப்போதும் நீந்தும் எழுத்துகள் அன்று நீந்தவில்லை. அதது அதனதன் இடத்தில் நின்றது. கடைசி யூனிட் கேள்விகளைத் தொடவில்லை, மற்றதையெல்லாம் எழுதினேன். படித்தது இத்தனை நாள் எனக்குள்தான் இருந்திருக்கிறது!

அந்த செமஸ்டரில் ஒரு அரியரும் இல்லை. துறைத்தலைவி கூப்பிட்டு, "அப்படி என்னம்மா பண்ணினே?" என்று கேட்டார்.

"தூங்கினேன், மேடம்."

திமிர் என்று நினைத்துக்கொண்டார்.