மரை இறங்கும் ஐப்பசி

கல்யாணமான வருஷம் எனக்கு மரைமான்கள் மேல்தான் பொறாமை. சிரிக்காதீர்கள். சுவருக்கு அந்தப்பக்கம் குடியிருக்கிற பக்கத்துக் காம்பராக்காரி மேல் பொறாமைப்பட்டால் மட்டும் நியாயமா?

ஹல்துமுல்லைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தின் கடைசி மலையில் கொழுந்தெடுக்கும்போது எதிரே மானாப்புல் சரிவு தெரியும். ஆடிக் காற்றில் காய்ந்து, யாரோ வைத்த தீயில் கருகிக் கிடக்கும். ஐப்பசி மழை விழுந்ததும் இளம்புல் தலைகாட்டும். அதுவரை ஓடைப் பள்ளங்களில் ஒன்றும் இரண்டுமாக ஒளிந்திருந்த பெட்டை மரைகள் குட்டிகளோடு பத்துப் பதினைந்தாகக் கூடி மேயும். சில நாளில் ஆண் மரையான கொம்பனும் வந்து சேரும். மற்ற மாதங்களில் காட்டுக்குள் தனியாகத் திரிகிற பயல், அந்தப் பருவத்தில் மட்டும் கூட்டத்தை விட்டு நகரமாட்டான்.

என் வீட்டுக்காரருக்குக் கொழும்பில் புடவைக்கடையில் வேலை. ஆவணியில் தாலி கட்டி எட்டாம் நாள் பஸ் ஏறிவிட்டார். தீபாவளி வியாபாரம், லீவு இல்லை என்று கடிதம் போட்டார். பொங்கலுக்கும் அதே கதை. கொம்பனுக்கு எந்த முதலாளி லீவு கொடுத்தார்? கூடையைச் சுமந்துகொண்டு அந்தப் பெட்டைகளைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது.

ஆடி பிறந்தது. புதுப்பெண் அந்த மாசம் புருஷன் வீட்டில் இருக்கக்கூடாதென்று மாமியார் என்னைப் பசறைக்கு, அம்மா வீட்டுக்கு அனுப்பினார். ஆவணியில் திரும்பினால் கொடியில் அவருடைய துண்டு காய்கிறது. வியாபாரம் மந்தமென்று முதலாளி பத்து நாள் லீவு கொடுத்திருக்கிறார். கிடைத்த சந்தோஷத்தில் மனிதருக்கு என்ன மாசம் என்பதே நினைவில்லை. வந்து, இருந்து, போயும் விட்டார்.

"எனக்கு ஒரு வார்த்த சொல்லி அனுப்பியிருக்கலாமே அத்தை?"

"ஆடியில சொல்லி என்னா செய்ய? அவனும் பசறைக்குப் போறேன்னுதான் நின்னான். நான்தான் விடல."

நான் அழவில்லை. துண்டை உதறி மடித்து வைத்தேன்.

அடுத்த ஐப்பசியில் சரிவில் கொம்பனைப் பார்த்த மறுநாள், வேலைக்குப் போகாமல் நல்ல சேலையைக் கட்டினேன். எங்கே என்று மாமியார் கேட்டார்.

"கொழும்புக்கு. ஐப்பசியில போகக்கூடாதுன்னு ஒண்ணும் இல்லையே அத்தை."

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஆனாலும் எந்தப் பெட்டை மரையும் தன் கொம்பனைத் தேடி இவ்வளவு தூரம் போயிருக்காது. அந்த எரிச்சல் பலாங்கொடை தாண்டியும் எனக்கு அடங்கவில்லை.