இருநூறாவது ஆட்டமும் ஒரு பேனரும்

நான் எங்கள் கிளப்பை விட்டுப் போகப்போகிறேன் என்கிற விஷயம், ஒரு பிளெக்ஸ் பேனரைப் பார்த்துத்தான் எனக்கே தெரிந்தது.

அன்று சனிக்கிழமை சாயங்காலம். வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து லேப்பில் கொடுப்பது என் வேலை. மாடம்பாக்கத்தில் ஒரு வீட்டை முடித்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். வழியில்தான் எங்கள் கிரவுண்ட். மறுநாள் அங்கே எனக்கு இருநூறாவது ஆட்டம், அதற்குக் கிளப்பில் விழா எடுக்கிறார்கள். எப்படி ஏற்பாடு செய்திருக்கிறார்கள் என்று பார்க்கலாமே என்று ஸ்கூட்டரை நிறுத்தினேன். கேட்டுக்குப் பக்கத்தில் மரச்சட்டத்தில் என் படம். அதற்கு மேலே கொட்டை எழுத்தில் ‘விடைபெறும் எங்கள் வீராங்கனைக்கு’ என்று ஒரு வரி.

விடைபெறுவதாக நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

இருபது வருடமாக இந்த ஒரே கிளப்பில் கால்பந்து ஆடுகிறேன். லெஃப்ட் பேக், அதாவது இடது ஓரத்தில் நின்று எதிரணியைத் தடுப்பவள். ஆரம்பத்தில் பையன்கள் பிராக்டீஸ் முடிக்கிறவரை பெண்கள் நாங்கள் வேலி ஓரமாகக் காத்திருப்போம். மிச்சமிருக்கும் வெளிச்சம்தான் எங்களுக்கு. என்னோடு சேர்ந்தவர்கள் கல்யாணம், வேலை என்று ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். நகரத்தில் ஒரு பெரிய கிளப் என்னைக் கூப்பிட்டது, போகவில்லை. மகள் பிறந்தபோது நின்றேன், அவள் நடக்க ஆரம்பித்ததும் திரும்பி வந்தேன். எனக்கு இது பழகிய இடம் என்பதால் மட்டுமில்லை. நாங்கள் நின்று உண்டாக்கிய அணி இது.

அங்கே நின்றபடியே கோச்சுக்கு போன் போட்டேன். எங்கள் கோச் என்னோடு ஒரே நாளில் கிளப்பில் சேர்ந்தவள். முட்டி போனதால் ஆட்டத்தை விட்டுவிட்டு அணியை எடுத்து நடத்துகிறாள்.

“யாருடி விடைபெறுறா?” என்று கேட்டேன்.

“நாப்பத்தொண்ணு ஆச்சுடி உனக்கு,” என்றாள். “நான் ஸ்ட்ரெச்சர்ல வெளிய வந்தேன். ஒருத்தர்கூட கை தட்டல. நீயாவது நல்லா இருக்கும்போதே கை தட்டலோட வரணும்னு நெனச்சேன்.”

அதைக் கேட்டதும் பாதிக் கோபம் இறங்கிவிட்டது. மீதிப் பாதி இறங்கவில்லை. அவள் போட்டிருந்த திட்டத்தைச் சொன்னாள். நான் பத்து நிமிடம் ஆட வேண்டும். பிறகு என் இடத்தில் கல்லூரியில் படிக்கும் ஒரு பெண் இறங்குவாள். இரண்டு அணியும் வரிசையாக நின்று கை தட்ட, நான் நடுவில் நடந்து வெளியே வர வேண்டும். சால்வை வாங்கிக்கொள்கிறேன், ஷீல்டும் வாங்கிக்கொள்கிறேன், அப்படி வெளியே வருவது மட்டும் முடியாது என்றேன். நான்தான் கோச், முடிவு என்னுடையது என்றாள். அது நியாயம். இத்தனை வருடத்தில் எந்த கோச்சின் முடிவையும் நான் எதிர்த்துப் பேசியதில்லை.

“முடிவு உன்னுதுதான்,” என்றேன். “மூச்சு வாங்கினா எடு. தப்பு பண்ணா எடு. மத்தவங்களை எடுக்கிற மாதிரி என்னை எடு. விழாவுக்காக எடுக்காத.”

அவள் போனை வைத்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். வயசு, உடம்பு என்றெல்லாம் அவர் ஆரம்பிக்கவில்லை. உனக்கு இன்னும் ஆடணுமா என்று மட்டும் கேட்டார். ஆடணும் என்றேன். மறுநாள் காலையில் கட்டுக்கம்பியும் கட்டிங் பிளேயரும் எடுத்துக்கொண்டு என்னோடு வந்தார். இரண்டு பேருமாகப் பேனரின் மேல் வரியைச் சட்டத்துக்குப் பின்னால் மடித்துக் கட்டினோம். அதோடு படத்தில் என் உச்சந்தலையும் கொஞ்சம் பின்னால் போய்விட்டது.

ஆனால் விழாவுக்கு வந்த விருந்தினரிடம் யாரும் விஷயத்தைச் சொல்லவில்லை. சால்வை போர்த்திவிட்டு, என் ஓய்வுக் காலம் நல்லபடியாக அமைய வேண்டும் என்று மைக்கில் வாழ்த்தினார். பிறகு மைக்கை என்னிடம் நீட்டினார். எல்லாருக்கும் நன்றி சொன்னேன். “சார் மன்னிக்கணும், நான் ஓய்வு பெறல. இன்னைக்கு ஆடுறேன், இதுக்கு அப்புறமும் ஆடுவேன்,” என்று சொல்லிவிட்டு மைக்கைத் திருப்பிக் கொடுத்தேன். கோச் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

எதிரணி குன்றத்தூரிலிருந்து வந்திருந்தது. என் பக்கம் ஓடிய பெண் சின்னவள், நல்ல வேகம். பத்து நிமிடம் தாண்டியது. கோச் கூப்பிடவில்லை. நிம்மதியாக மூச்சு விட்டேன், அடுத்த கொஞ்ச நேரத்திலேயே அந்தப் பெண் என்னை ஏமாற்றி உள்ளே வெட்டி, இடது காலால் கோல் அடித்தாள். தப்பு முழுக்க என்னுடையது. இத்தனை ஜனத்துக்கு முன்னால், சால்வை போர்த்திய அன்றைக்கே.

இடைவேளையில், கோச் இப்போது என்னை எடுத்துவிடுவாள் என்று நினைத்தேன். அவள் பக்கத்தில் வந்து, “அவளை உள்ள விடாத, கோட்டுப் பக்கம் தள்ளு,” என்று மட்டும் சொன்னாள். மற்றவர்களிடம் பேசும் அதே குரல்.

ஓட்டத்தில் அந்தப் பெண்ணை என்னால் பிடிக்க முடியாது. அதனால் முன்கூட்டியே கொஞ்சம் பின்வாங்கி, உள்பக்கத்தை அடைத்து நின்றேன். வேறு வழியில்லாமல் அவள் கோட்டோரமாக ஓடி வலது காலால் அடித்தாள். பந்து ஒவ்வொரு முறையும் கோலுக்குப் பின்னால் போய் விழுந்தது. நாங்கள் ஒரு கார்னரில் கோல் போட்டுச் சமன் செய்தோம்.

முடிய இன்னும் கொஞ்ச நேரமே இருந்தபோது தொடை பிடித்துக்கொண்டது. நொண்டியபடியே ஆடப் பார்த்தேன். கோச் கையைத் தூக்கினாள். வெளியே வந்தேன். வரிசையும் இல்லை, விசிலும் இல்லை. யார் வெளியே வந்தாலும் தட்டுகிற அளவுக்கு நாலு பேர் தட்டினார்கள். உள்ளே ஓடத் தயாராக நின்ற கல்லூரிப் பெண்ணின் தோளைப் பிடித்து, “அவளுக்கு வலது கால் வராது. கோட்டுப் பக்கமே ஓட விடு,” என்றேன். “சரிக்கா,” என்று சொல்லிவிட்டு ஓடினாள். சொன்னபடியே செய்தாள். ஆட்டம் சமனில் முடிந்தது.

கூட்டம் கலைந்த பிறகு கோச் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, என் காலை மடியில் எடுத்து வைத்து நீவிவிட்டாள். அடுத்த ஞாயிறு பள்ளிக்கரணையில் ஆட்டம், அந்தக் கல்லூரிப் பெண்ணைத்தான் முதலில் இறக்கப் போகிறேன் என்றாள். காலை அவள் மடியிலிருந்து இழுத்துக்கொண்டேன்.

“எறக்கு, நல்லாத்தான் ஆடுறா,” என்றேன். “நான் பெஞ்ச்ல இருக்கேன்.”

அப்படித்தான் இருந்தேன். அதற்குப் பிறகு பல ஞாயிறுகள் பெஞ்ச்தான். சில நாள் கடைசியில் இறங்குவேன், சில நாள் ஷூ லேஸைக் கட்டியபடியே உட்கார்ந்துவிட்டு வீட்டுக்குப் போவேன். விடியற்காலையில் முதல் வீட்டுக்கு ரத்தம் எடுக்கப் போவதற்கு முன்னால் ஏரிக்கரையில் ஓட ஆரம்பித்திருக்கிறேன். அந்த இடம் எனக்குத் திரும்ப வேண்டுமென்றால் அதை ஆடித்தான் வாங்க வேண்டும். போன மாதம் இரண்டு ஆட்டங்களில் கோச் என்னை முதலிலேயே இறக்கினாள்.